நிஜ ட்ராக்குக்கு எது கிட்ட வருகிறது: ஐரேசிங்கா, அசெட்டோ கோர்ஸாவா?

கணினியில் கார் ரேஸ் ஓட்டும் சிமுலேட்டர் கேம்களான இந்த இரண்டையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஐரேசிங் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டவன் நான். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

அழகையும் செலவையும் முதலில் முடித்துவிடலாம். காட்சியை மெருகேற்றும் கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற இணைப்பைப் போட்ட அசெட்டோ கோர்ஸாவைப் பார்த்தால் 2014-ல் வந்த கேம் என்று நம்ப முடியாது. ஒருமுறை வாங்கினால் போதும், மோட் ட்ராக்குகள் (ரசிகர்களே செய்து தருபவை) பெரும்பாலும் இலவசம். ஐரேசிங்கில் சந்தாவும் கட்ட வேண்டும், பல ட்ராக்குகளைத் தனித்தனியாகக் காசு கொடுத்தும் வாங்க வேண்டும். சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

லேசர் ஸ்கேன், அதாவது நிஜ ட்ராக்கை லேசரால் அளந்து கேமில் கட்டும் விஷயத்திலும் பெரிய சண்டை இல்லை. ஐரேசிங் 2008-ல் தொடங்கியபோதே அதைச் சொல்லித்தான் பெயர் வாங்கியது. அசெட்டோ கோர்ஸாவும் ஸ்பா, மொன்ஸா, ஜெர்மனியின் 20.8 கி.மீ. நீள நார்ட்ஷ்லைஃபே என்று முக்கியமான ட்ராக்குகளை ஸ்கேன் செய்தே கொடுத்தது. நார்ட்ஷ்லைஃபேயின் கருசெல் திருப்பத்துக்குள் காரை இறக்கினால் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கில் தட்டும். இந்த ட்ராக்குகளில் நான் நிஜத்தில் ஓட்டியதில்லை, காரிலேயே கேமரா வைத்து எடுத்த ஆன்போர்டு வீடியோக்களோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறேன். அந்த அளவில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு இரண்டும் ஏறக்குறைய சமம் என்பேன்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ட்ராக் அப்படியே இருப்பதில்லை. புதுத் தார் போடுகிறார்கள், மேட்டைச் செதுக்குகிறார்கள், திருப்பத்தையே மாற்றுகிறார்கள். அசெட்டோ கோர்ஸாவின் நார்ட்ஷ்லைஃபே 2015 தொடக்கத்தில் வந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் அங்கே ஃப்ளுக்ப்ளாட்ஸ் என்ற பகுதியில் ஒரு ரேஸ் கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டிப் போய் ஒரு பார்வையாளர் இறந்தார். 2016 சீசனுக்கு முன்னால் அந்தப் பகுதியின் மேடுபள்ளங்களைச் சமன் செய்துவிட்டார்கள். கேமில் கார் இன்னும் பழைய மேட்டின் மேல்தான் ஏறிக் குதிக்கிறது.

இதைவிட அப்பட்டமான உதாரணம் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் ட்ராக். 2020-ல் ஹூகன்ஹோல்ட்ஸ் திருப்பத்தையும் கடைசித் திருப்பத்தையும் சுமார் 18 டிகிரி சாய்த்துக் கட்டினார்கள், அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் ட்ராக்கின் சாய்வைப் போல இரண்டு மடங்கு. இப்போது நிஜத்தில் ஹூகன்ஹோல்ட்ஸில் காரை மேல் விளிம்பு வரை ஏற்றி, அங்கிருந்து இறக்கி வேகம் எடுக்கிறார்கள். அசெட்டோ கோர்ஸாவின் அடுத்த கேமான அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனேயில் இருப்பதோ மாற்றத்துக்கு முந்தைய வடிவம். ஸ்கேனில் குறையே இல்லை, ஆனால் அந்த ட்ராக்தான் இப்போது உலகத்தில் இல்லை. 2022-ல் ஸ்பாவில் ராய்டியோன் என்ற ஏற்றத் திருப்பத்தைச் சுற்றி ஓடுவெளியை (கார் தவறினால் ஒதுங்கும் இடம்) அகலமாக்கி, பல இடங்களில் மறுபடியும் சரளைக் கல் கொட்டினார்களே, அதுவும் இதே கதைதான்.

ஐரேசிங்கை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்தப் பராமரிப்பு. முக்கியமான ட்ராக்குகள் மாறும்போது மறுபடியும் போய் அளந்து வருகிறார்கள், சாய்வோடு கூடிய ஸாண்ட்வோர்ட் அங்கே உண்டு. பழையதையும் தூக்கி எறிவதில்லை: 2010-ல் புதுத் தார் போடுவதற்கு முந்தைய டேடோனா, புதுப் பகுதி சேர்வதற்கு முந்தைய சில்வர்ஸ்டோன் இரண்டும் 'லெகசி' என்ற பெயரில் இன்னும் ஓட்டக் கிடைக்கின்றன. எல்லா ட்ராக்குக்கும் இந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை, சில வருடக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஆனாலும் கட்டும் சந்தா இதற்குத்தான் என்று நினைத்தால் மனசு ஆறுகிறது.

மோட் போட்டால் அசெட்டோ கோர்ஸாவிலும் புதிய ஸாண்ட்வோர்ட் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒரு ட்ராக்கில் கண்ணுக்குத் தெரியும் சாலை வேறு, டயர் உணரும் சாலை வேறு. இரண்டும் தனித்தனிப் பரப்புகள். மோட் செய்பவர் முதலாவதற்கே உழைப்பைக் கொட்டிவிட்டால் விரிசலும் ஒட்டுத் தாரும் கண்ணில் தெரியும், ஸ்டியரிங்கோ கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கும். விமானத்திலிருந்து லேசரால் நிலத்தை அளந்த பொது லைடார் தரவை வைத்துச் செய்பவர்களும் உண்டு. மலைச் சாலையின் ஏற்ற இறக்கத்துக்கு அது அருமை, ஆனால் அதில் புள்ளிகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் இடைவெளியில் விழுவதால் கெர்ப்பின் (ட்ராக்கின் ஓரத் திட்டு) உயரத்தை அது பிடிக்காது. அதை மோடர் கண்ணளவில்தான் வைக்க வேண்டும்.

பொதுச் சாலைகள், மலைப் பாதைகள், 1966 மொன்ஸா போன்ற பழைய வடிவங்கள் வேண்டும் என்றால் யோசிக்காமல் அசெட்டோ கோர்ஸாவுக்குப் போங்கள், அந்த விஷயத்தில் ஐரேசிங் கிட்டவே வராது. மோட் இறக்கியதும் முதல் சுற்றை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிப் பாருங்கள். கண்ணில் தெரியும் ஒட்டுத் தார் கையில் தட்டவில்லை என்றால் அந்த ஃபோல்டரை அப்போதே அழித்துவிடலாம்.