ஒன்பது வருசம் ஓடிய காரும் எனக்கு வராத கடிதமும்

2016இல் வவுனியாவில் ஒருவரிடம் வாங்கிய கார். ஜப்பானில் 2008இல் செய்தது, ரீகண்டிஷனாக இறங்கி ஒரு கை மாறி என்னிடம் வந்தது. எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதே கார் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வாங்கும்போது மீட்டரில் 68,000, இப்போது 171,000 தாண்டிவிட்டது. கிளிநொச்சியில் வீடு, வாரத்தில் ஒருநாள் பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு, இடைக்கிடை யாழ்ப்பாணம். நல்ல கார்தான். ஏசி ஒருமுறை காஸ் அடித்தது, முன் சொக் அப்சோபர் இரண்டு தரம் மாற்றினேன், வேறு பெரிய செலவு இல்லை. நான் சொல்ல வந்தது மைலேஜைப் பற்றி இல்லை.

2019இல் கனடாவில் இருக்கும் அக்கா ஒரு நாள் போன் எடுத்து, தன் காருக்கு ரீகோல் கடிதம் வந்ததாம், எயார்பேக் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்களாம் என்றார். "டேய், உன்ர காரும் உந்தக் கம்பனிதானே, ஒருக்கால் பாரடா." அதுவரை ரீகோல் என்றால் விற்காத காரைத் திருப்பி எடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, செய்த இடத்திலேயே விட்ட பிழையைக் கம்பனி தன் செலவில் திருத்திக் கொடுப்பது.

அக்கா சொன்னது டகாட்டா எயார்பேக். டகாட்டா என்பது எயார்பேக் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பனி, இந்தப் பிரச்சினையாலேயே 2017இல் வங்குரோத்தானது. ஹொண்டா, ரொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ என்று பல கம்பனிகள் அதைப் பூட்டியிருந்தன. பையை ஊத வைக்கிற உலோகக் கூட்டுக்குள் அமோனியம் நைட்ரேட் இருக்கும். ஈரம் உறிஞ்சுகிற மருந்து சேர்க்காத வகைகளில், வருசக்கணக்காக ஈரக்காற்றும் சூடு ஏறி இறங்குவதும் சேர்ந்து அந்த வில்லைகளைப் பழுதாக்கிவிடும். பிறகு ஒரு நாள் கார் இடிபடும்போது அது எரியவேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் எரிந்து, பை விரிவதோடு கூடும் வெடித்து, இரும்புத் துண்டுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் பறக்கும். அமெரிக்காவுக்கு வெளியே முதல் சாவு 2014இல் மலேசியாவில், காரை ஓட்டிய கர்ப்பிணிப் பெண். வெக்கையும் ஈரமும் உள்ள ஊர், எங்களைப் போல.

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு அரை நிமிசம்கூட எடுக்கவில்லை. தோளில் செல் பீஸ், அதாவது வெடித்த குண்டின் துண்டு, இன்னும் இருக்கிற மனிசன். "அப்ப காருக்குள்ளயே செல் வைச்சிருக்கிறாங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

கடிதம் எனக்கு ஏன் வரவில்லை? அது காரைப் பதிந்தவரின் விலாசத்துக்குப் போகும். என் காரின் முதல் சொந்தக்காரர் ஜப்பானில் எங்கேயோ இருக்கிறார், கார் கப்பல் ஏறியதும் அங்கே பதிவை வெட்டிவிட்டார்கள். ஜப்பானில் 2018 மே முதல், ஆபத்துக் கூடிய எயார்பேக்கை மாற்றாத கார்களுக்கு வாகனப் பரிசோதனையில் சித்தி கொடுப்பதே இல்லை. இங்கே வருசா வருசம் புகைச் சோதனை, இன்சூரன்ஸ், பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் என்று அலைகிறோம், அதில் ஒரு இடத்திலும் என்னிடம் ரீகோல் பற்றிக் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது, அதனால் என்னுடையதைப் போன்ற பழைய கார்கள் இன்னும் அதிக காலம் ஓடவேண்டி வந்தது. பழசாகப் பழசாகத்தான் இந்த எயார்பேக்கின் ஆபத்தும் கூடும்.

சரி, பார்ப்பது எப்படி? ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக இருக்கிற செசி நம்பர்தான் எல்லாம். வாகனப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் நான் பொனற்றைத் திறந்து தகட்டையும் பார்த்தேன், புழுதியைத் துணியால் துடைக்கத்தான் எழுத்துத் தெரிந்தது. இணையத்தில் ரீகோல் பார்க்கிற அமெரிக்கப் பக்கத்தில் போட்டால் 17 எழுத்து கேட்கும், ஜப்பானுக்கென்று செய்த கார்களில் முன்னுக்கு மொடல் எழுத்து, நடுவில் ஒரு கோடு, பிறகு இலக்கம், அவ்வளவுதான். அதை அமெரிக்கப் பக்கம் ஏற்காது. அரைநாள் மினக்கெட்ட பிறகுதான் விசயம் விளங்கியது: கம்பனியின் ஜப்பானியப் பக்கத்துக்குப் போய், போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்க்கவேண்டும். சிவப்பு எழுத்தில் வந்தது. இடப்பக்க எயார்பேக், மாற்றப்படவில்லை. அந்த சீட்டில் அம்மா மூன்று வருசமாக வந்துகொண்டிருந்தார்.

அந்தக் கம்பனிக்குக் கொழும்பில் உள்ள முகவருக்குப் போன் எடுத்தால் முதல் பதில், "அது நாங்கள் கொண்டுவந்த வாகனம் இல்லையே." இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை செசி நம்பரை எழுதி மின்னஞ்சல் போட்டேன், பதில் வந்தது, சாமான் வர நான்கு மாதம். போனில் கதைத்து நேரத்தை வீணாக்காமல் எழுத்தில் கேளுங்கள். காலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டுப் போனேன். வேலை இரண்டு மணித்தியாலம்கூட இல்லை, காசும் வாங்கவில்லை. கழற்றியதை மேசையில் வைத்துக் காட்டினார்கள், தொட விடவில்லை. டோர்ச் லைட் அளவில் ஒரு உருளை, பார்வைக்குப் புதுசு போலவே இருந்தது.

எயார்பேக் மட்டும் இல்லை. 2012இல் ரொயோட்டா கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிச்சுக்காக உலகம் முழுக்க 74 லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு ரீகோல் அறிவித்தது. சுவிச் இறுகுகிறது என்று கடையில் விற்கிற ஒயில் ஸ்பிரேயை அடித்தால் உருகிப் புகை வரலாம் என்று அப்போதே எச்சரித்தார்கள். எங்கள் கராஜ்களில் முதல் வைத்தியமே அந்த ஸ்பிரேதானே! 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஒரு வருசமும் கொஞ்சமும் போவதற்குள் ஐந்து ரீகோல், பலது கியர் மென்பொருள் சம்பந்தப்பட்டது. 2014இல் ரொயோட்டா பிரியஸுக்கு, மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டரின் மென்பொருள். அந்த ஹைபிரிட் ஃபிட்டோ (ஜிபி5) பிரியஸோ வாங்கப் போகிறவர்கள் ஓக்‌ஷன் சீட்டை, அதாவது ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தருகிற தாளைப் பார்ப்பதோடு நிற்காமல் செசி நம்பரையும் போட்டுப் பாருங்கள். நம்பர் தரப் பஞ்சிப்படுகிறவரிடம் கார் வாங்காதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் எயார்பேக் லைட் சில விநாடி எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அது இன்னும் மோசம். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் பாவித்த எயார்பேக் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு கராஜ் பாஸ் எனக்கும் சொன்னார், வேண்டாம், அதுவும் அதே டகாட்டாவாக இருக்கலாம்.

போன மாதம் மாங்குளத்தில் இருக்கும் மச்சானின் காருக்குப் போட்டுப் பார்த்தோம். அதே இடப்பக்கம், அதே சிவப்பு எழுத்து. எழுதிப் போட்டிருக்கிறார், சாமான் இன்னும் வரவில்லை. அதுவரை முன் சீட்டில் ஒருவரையும் ஏற்றுவதில்லை, மகள் பின்னால் இருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள், ஏறும்போதெல்லாம் ஒரு சண்டை.