பிளஸ், இரண்டாம் ஜிமெயில், முகமூடி: கடைக்கு எந்த முகவரியைக் கொடுப்பது?

போன வருடம் வீட்டு வேலை நடந்தபோது ஒரு டைல்ஸ் கடையில் எஸ்டிமேட் கேட்டேன். "மெயில் ஐடி சொல்லுங்க சார், பிடிஎஃப் அனுப்பிடறோம்" என்றார்கள். எஸ்டிமேட் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கடன், மாடுலர் கிச்சன், சோலார் பேனல், மனை விற்பனை என்று ஒரு ஊர்வலமே வந்தது. அப்புறம்தான் மூன்று வழிகளை மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்து, மூன்றாவதில் வந்து நின்றிருக்கிறேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

ஸ்பேம் பெட்டி எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். லாட்டரி, வாரிசுச் சொத்து வகையறாவை ஜிமெயிலே பிடித்துப் போட்டு 30 நாளில் அழித்தும் விடுகிறது. ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் தங்கள் டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) முறைப்படி நிரூபிக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதியும் போட்டது. என்னைப் படுத்தியதோ அந்த விதிகளையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்து, என் பெயரைப் போட்டு வணக்கம் சொல்லி வரும் மெயில். வடிகட்டி அதை எப்படிக் குப்பை என்று சொல்லும்?

முதலில் பிளஸ். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் பிளஸ் குறி போட்டு 'பெயின்ட்' என்றோ 'பள்ளி' என்றோ சேர்த்துக் கொடுத்தாலும் அதே பெட்டிக்குத்தான் வரும். செலவில்லை, எதையும் நிறுவ வேண்டாம், யார் மூலமாக முகவரி கசிந்தது என்றும் தெரிந்துவிடும். ஆனால் பெயின்ட் கடைப் பையனிடம் சொன்னபோது, "பிளஸ்ஸா சார்? மெயில்ல பிளஸ் வருமா?" என்று கேட்டுவிட்டு, பி-எல்-யு-எஸ் என்று எழுத்தெழுத்தாகத் தட்டினான். திருத்த வேண்டியிருந்தது. சில இணையப் படிவங்கள் அந்தக் குறியைக் கண்டாலே 'தவறான முகவரி' என்று சிவப்பில் காட்டுகின்றன. பெரிய ஓட்டை வேறு. பிளஸ் சூத்திரம் ஊருக்கே தெரியும். பட்டியல் வைத்திருப்பவர் குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் நறுக்கிவிட்டால் உண்மை முகவரி கையில். பெயின்ட் வாலோடு வந்த கடன் மெயிலை ஃபில்டர் போட்டு நிறுத்தினேன். மறு வாரம் அதே கடன்காரர் மொட்டை முகவரிக்கே வந்துவிட்டார்.

இரண்டாம் ஜிமெயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலரும் செய்வதுதான். முதல் மாதம் நிம்மதி, அப்புறம் யாரும் திறப்பதில்லை. என் பைக் இன்சூரன்ஸ் நினைவூட்டல் அங்கேதான் போய்க் கிடந்தது. வாகனச் சோதனையில் நிறுத்தியபோதுதான் காலாவதியானது தெரிந்தது. சரி என்று அதையும் போனில் சேர்த்தால் பழைய இரைச்சல் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது முகமூடி முகவரி. நான் வைத்திருப்பது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்காரர்களின் 'ரிலே' என்ற சேவை. மொஸ்மெயில் டாட் காம் என்று முடியும் ஒரு முகவரியை அது உருவாக்கிக் கொடுக்கும். அதற்கு வருவது உங்கள் நிஜப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும். முகமூடியில் உங்கள் பெயர் இல்லை. எதை நறுக்கினாலும் உள்ளே நீங்கள் கிடைக்கமாட்டீர்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, இதை மூடவும் முடிகிறது, மறுபடி திறக்கவும் முடிகிறது என்பதுதான். பர்னிச்சர் தளம் ஒன்றுக்கு ஒரு முகமூடி கொடுத்தேன். கட்டில் வந்து சேர்ந்த அன்றே அடைத்துவிட்டேன். எத்தனை மெயில் தடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை ரிலேயின் இணையப் பக்கம் காட்டும். அது ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம். ஆறு மாதம் கழித்துக் கட்டிலின் ஒரு கால் ஆடியது. வாரன்ட்டி கேட்க உள்ளே நுழைய வேண்டும், பாஸ்வேர்டு ஞாபகமில்லை. முகமூடியைத் திறந்தேன், மாற்றும் இணைப்பு வந்தது, வேலை முடிந்ததும் அடைத்தேன். ஒன்று மட்டும் கவனம்: அழித்துவிடாதீர்கள், அடைத்து மட்டும் வையுங்கள். அழித்த முகவரி திரும்பக் கிடைக்காது, அதில் திறந்த கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் வழியும் அதோடு போகும்.

குறைகளும் உண்டு. இலவசத்தில் ஐந்து முகமூடிதான், பதில் எழுத வேண்டுமென்றால் பணம். சில தளங்கள் முகமூடி என்று கண்டுபிடித்து மறுக்கின்றன. எல்லா மெயிலும் இன்னொருவர் வாசல் வழியாக வருகிறது. அந்தச் சேவையை நாளை மூடினால் உங்கள் லாகின் அத்தனையும் அந்தரத்தில். அதனால் வங்கி, வருமான வரி, பி.எஃப்., டிஜிலாக்கர் எதிலும் முகமூடியைக் கொடுக்கவில்லை. ஐந்து போதாதவர்களுக்கு, 2022-இல் புரோட்டான் என்ற மெயில் நிறுவனம் வாங்கிய சிம்பிள்லாகின் என்ற இதே மாதிரிச் சேவை இலவசத்தில் பத்து தருகிறது. டக்டக்கோ என்ற தேடுபொறியின் முகமூடிச் சேவை, மெயிலைத் திறந்தீர்களா என்று உளவு பார்க்க அதற்குள் ஒளிந்திருக்கும் ட்ராக்கர்களையும் களைகிறது. அதை நான் பயன்படுத்தியது ஒரே மாதம், நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சொந்த டொமைன் வாங்கிக் கடைக்கொரு முகவரி வைக்கும் நண்பர் அதுதான் ராஜவழி என்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் புதுப்பிக்க மறந்து, வேறு யாராவது அந்த டொமைனை வாங்கினால், பாஸ்வேர்டு மாற்றும் மெயிலெல்லாம் அவர் கைக்குப் போகும். இன்சூரன்ஸையே மறந்தவன் நான்.

கடைக் கவுன்டரில் மட்டும் இன்னும் இரண்டாம் ஜிமெயிலைத்தான் சொல்கிறேன். முகமூடியின் எழுத்துக் கலவையைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் தன் பில்லை நீட்டிவிடுகிறார்.