ரப்பர் மர டைனிங் செட்: வாங்கும்போதும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை

ஆன்லைனிலும் ஃபர்னிச்சர் கடைகளிலும் ‘ஒன் பிளஸ் ஃபோர்’ என்று விற்கிறார்களே, அந்த ரப்பர் மர டைனிங் செட்டைப் பற்றியது இது. மேசை பெரும்பாலும் 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். கூடவே 4 நாற்காலிகள். எல்லாம் பிரித்த நிலையில் அட்டைப் பெட்டிகளில் வரும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும், குறுகலான மாடிப்படி உள்ள வீடுகளுக்கும் இது நல்ல தேர்வு. தேக்கில் செய்யச் சொன்னால் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. ஆனால் பல வருஷம் உழைக்குமா, சில மாதங்களிலேயே ஆட ஆரம்பிக்குமா என்பது மரத்தைவிட மாட்டும் விதத்தைப் பொறுத்தது.

நட்டு சுமார் 25 வருஷம் ஆகி, பால் வெட்டி முடிந்த பிறகு வெட்டப்படும் மரம்தான் இது. மலேசியாவில் ஜோகூர் மாநிலத்தின் மூவார் இந்த வகை ஃபர்னிச்சருக்குப் பேர்போன ஊர். பச்சை ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகே வேலைக்கு எடுப்பார்கள். அப்படிப் பதப்படுத்திய மரம் வீட்டுக்குள் தாராளமாகத் தாங்கும். பால்கனிக்கோ திறந்த முற்றத்துக்கோ வேண்டாம். போரான் நீரில் கரையும். தொடர்ந்து நனைந்தால் மருந்து போய்விடும், மரம் மட்டும் மிஞ்சும்.

விளம்பரத்தில் ‘ரப்பர் மரம்’ என்று போட்டிருந்தாலும், கால்களும் சட்டங்களும் மட்டும் ரப்பர் மரமாக இருந்து, மேல்பலகை வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஆக இருப்பது சகஜம். அதில் தவறில்லை, தெரிந்து வாங்கினால் சரி. பலகையைக் கவிழ்த்து விளிம்பைப் பாருங்கள். சிறுசிறு மரத்துண்டுகள் பல்போலக் கோத்து ஒட்டியிருந்தால் அது முழு மரம். ரேகையே இல்லாமல் அட்டைபோல வழவழவென்றிருந்தால் எம்.டி.எஃப். அதன் விளிம்பில் தண்ணீர் இறங்கினால் உப்பும். உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. குழந்தைகள் தண்ணீர் கொட்டும் வீட்டில் கூடுதல் காசு கொடுத்து முழு மரப் பலகை வாங்குவது மேல்.

பெட்டியைப் பிரித்ததும் போல்ட், வாஷர், நட் எல்லாவற்றையும் வகைவகையாகப் பிரித்து, விளக்கத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிவிடுங்கள். குறைந்தால் மாட்டத் தொடங்கும் முன்பே கேட்பது சுலபம். ஸ்குரூவின் நீளத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நாற்காலி சீட்டுக்கான ஸ்குரூ மூலைக் கட்டையைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் நீளம் அதிகம். மேசைப் பலகையைப் பிடிக்கும் ஸ்குரூ குட்டை. நீள ஸ்குரூவை மேசையில் போட்டால் 18 மி.மீ. பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப்பார்க்கும்.

மேசையில் வேலை குறைவு. தரையில் ஜமுக்காளம் விரித்துப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். காலில் பதித்திருக்கும் போல்ட்டை மூலைத் தகட்டின் துளையில் நுழைத்து, முதலில் தட்டை வாஷர், அதன்மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியாக நட். எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) நட் என்றால் 13 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், பெட்டியில் வரும் தகட்டு ஸ்பேனர் வளைந்துபோகும். நிமிர்த்தும்போது இருவர் தூக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்தால் மொத்த எடையும் இரண்டு கால்களில் இறங்கி, போல்ட் பதிந்த இடத்தில் மரம் பிளக்கும்.

நாற்காலிதான் உண்மையான சோதனை. உட்கார்ந்து எழும்போதும், பின்னால் சாயும்போதும் விசை முழுக்க மூட்டுகளில் விழுகிறது. பக்கச் சட்டங்களில் மர முளைகளை (உருண்டையான சிறு மரக் குச்சிகள்) செருகி, பின்கால் சட்டகத்தோடும் முன்கால்களோடும் சேர்த்து, எம்6 போல்ட்களை விரலால் மட்டும் திருகுங்கள். அலன் கீயை (அறுகோண முனையுள்ள திருகுச் சாவி) இன்னும் தொட வேண்டாம். போல்ட் போய்ப் பிடிக்கும் உருளை நட்டின் முகத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். மரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும். தட்டை ஸ்குரூ டிரைவரால் அதைத் திருப்பி, போல்ட் வரும் திசைக்கு நேராக வையுங்கள். போல்ட் பிடிக்காமல் வெறுமனே சுற்றினாலோ, பாதியில் முரண்டு பிடித்தாலோ காரணம் பெரும்பாலும் இதுதான். பலம் கொடுத்து முறுக்கினால் மரை கழன்றுவிடும்.

எல்லா போல்ட்டும் பாதி ஏறியதும் நாற்காலியைச் சமமான தரையில் நிமிர்த்தி, சீட் சட்டத்தை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே 4 மி.மீ. அலன் கீயால் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால், துளைகளில் இருக்கும் அரை மி.மீ. வித்தியாசம் மொத்தமும் எதிர்மூலைக்குப் போய்விடும். ‘நாலு காலும் தரையில் படவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் நாற்காலிகளில் பல இப்படி மாட்டப்பட்டவை. எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்கினாலே சரியாகிவிடும்.

கடையிலிருந்து மாட்டிக் கொடுக்க ஆள் வந்தால், பவர் டிரில்லால் கடைசிச் சுற்று வரை முறுக்க விடாதீர்கள். ரப்பர் மரம் கெட்டியானதுதான், என்றாலும் அந்த வேகத்தில் துளை தேய்ந்துபோகும். ஸ்குரூ துளை ஏற்கெனவே தளர்ந்திருந்தால், ஃபெவிகாலில் நனைத்த பல்குச்சிகளைச் செருகி, ஒருநாள் காயவிட்டு, மறுபடி ஸ்குரூ போடலாம்; நன்றாகப் பிடிக்கும்.

மர முளைகளுக்குப் பசை போடலாமா? நாற்காலிக்குப் போடுங்கள். அதை எப்போதும் பிரிக்கப் போவதில்லை, பசை மூட்டின் ஆயுளைக் கூட்டும். மேசையில் எங்கும் பசை வேண்டாம், வீடு மாறும்போது காலைக் கழற்ற வேண்டும்.

மாட்டி ஒரு மாதத்தில் எல்லா போல்ட்களையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை. ஈரத்தில் உப்பிய மரம் காயும்போது சுருங்கி, போல்ட்டுக்கு இடம்விடும். கிறீச் சத்தம் கேட்ட பிறகும் அப்படியே உட்கார்ந்து வந்தால், மர முளை தன் துளையை நாளுக்கு நாள் அகலமாக்கும். அதன்பின் எவ்வளவு இறுக்கியும் ஆட்டம் நிற்காது.

கால்களின் அடியில் நைலான் புஷ் இல்லாத செட் என்றால், வாங்கிய அன்றே ஹார்டுவேர் கடையில் 20 புஷ் வாங்கி அடித்துவிடுங்கள். அடியில் ஒட்டும் ஃபெல்ட் (கம்பளி போன்ற துணி) துண்டு, டைல்ஸ் தரையில் சத்தமில்லாமல் நகரும், ஆனால் தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காலின் வெட்டுமுகத்துக்கு ஏற்றிவிடும். நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை.