ஃபிஜியில் நடுங்கினால் கல்லடியில் சைரன்

நிலநடுக்கச் செயலியின் கட்டணப் பதிப்பு மலிந்திருக்கிறதாம், எடுக்கட்டா மச்சான் என்று கல்முனைக் கூட்டாளி கேட்டான். பதில் நீண்டுபோனதால் இங்கேயே போடுகிறேன். இலவசப் பதிப்பை வருடக்கணக்காக வைத்திருக்கிறேன்.

முதலில் வயிற்றெரிச்சல். இதில் அளவை வைத்து வடிகட்டலாம், தூரத்தை வைத்து முடியாது. அதற்குத்தான் காசு. 6க்கு மேல் என்று வைத்தாலும் ஃபிஜிக்குக் கீழே 550 கிலோமீற்றர் ஆழத்தில் நடுங்கியதற்கு இங்கே மட்டக்களப்புக் கல்லடியில் நடுச்சாமத்தில் போனில் சைரன் அலறுகிறது. அவ்வளவு ஆழத்தில் நடுங்கினால் கடலடி தூக்கி எறியப்படாது, சுனாமிக்கு வழியில்லை. இதெல்லாம் 2004ஐக் கண்ட அம்மாவுக்குச் சொல்லி முடியுமா? லைட்டைப் போட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் வைத்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பா.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். நடுக்கத்தின் அளவு திருந்தி எண் மாற மாற, பழைய எண்ணையும் மறைக்காமல் காட்டுகிறது. முதல் நிமிடங்களில் கிட்டடி நிலையங்கள் சிலவற்றின் பதிவு மட்டும்தான் கையில் இருக்கும். தூரத்துப் பதிவுகள் வந்து சேரச் சேரக் கணக்கு திருந்தும். 2012 ஏப்ரல் 11 சுமாத்திரா நடுக்கத்தை அமெரிக்கப் புவியியல் அளவாய்வு முதலில் 8.9 என்றது, பிறகு 8.7, கடைசியில் 8.6. தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. ஓடிக் களைத்தவர்கள் அன்றைக்குத் திட்டிய திட்டு கொஞ்சமா! 2004இல் தலைகீழ். பசுபிக் எச்சரிக்கை நிலையத்தின் முதல் கணக்கு 8.0, உண்மையில் 9.1. ஒரு எண் கூடினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு என்பதை நினைத்தால் வயிறு கலங்கும்.

இன்னொன்று, அடிக்கடி ஆழம் மட்டும் அச்சொட்டாக 10 கிலோமீற்றர் என்று வரும். எப்படி எல்லாம் ஒரே ஆழத்தில் நடுங்குகிறது என்று தேடிப் பார்த்தேன். ஆழத்தைக் கணிக்கத் தரவு போதாதபோது பல இடங்களில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுகிறார்களாம். அதிலிருந்து ஆழத்தைப் பார்க்காமல் அளவைப் பார்ப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் 5இல் 2தான் கொடுப்பேன். நித்திரையைக் கெடுத்துவிட்டு நித்திரைக்கு விலை பேசுகிறவனுக்கு அதுவே அதிகம். மலிந்தாலும் நான் வாங்கமாட்டேன், அழிக்கவும் மாட்டேன். சுனாமிக்கு இதை நம்பியிராதே. அதை வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும்தான் சொல்லவேண்டும், அந்த நிலையத்தின் அவசர எண் 117ஐப் போனில் போட்டு வை. ஆனால் உன் வீட்டில் உம்மா இருக்கிறா மச்சான், நீ வாங்கு.