தண்டையார்பேட்டை வாடகை வீடா, மீஞ்சூர் சொந்த வீடா?

பையனுக்கு ஒரு வயது முடிந்ததும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. தண்டையார்பேட்டையில் அம்மா இருக்கும் தெருவிலேயே 9,000 ரூபாய் வாடகையில் இருந்துவிடுவதா, கடன் வாங்கி வடக்கே புறநகரான மீஞ்சூரில் சின்னதாக ஒரு வீடு வாங்குவதா? இதே யோசனையில் வடசென்னையில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மீஞ்சூர்தான் ஆசை. அதில் தப்பே இல்லை. அவருடைய அப்பா கடைசிவரை வாடகை வீடு வாடகை வீடாகச் சட்டி பானையைத் தூக்கியவர்.

கடன் 20 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 17,356 ரூபாய். வாடகை கொடுத்தால் காசு போச்சு, தவணை கட்டினால் வீடு நம்முடையது என்பார்கள். ஆனால் முதல் மாதத் தவணையில் வட்டிக்கே 14,167 ரூபாய் போய்விடுகிறது. அசலில் கழிவது 3,189தான்.

எனக்கு எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. சம்பளம் 15,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கைக்கு 13,087 வரும். என் பங்கு, முதலாளி பங்கு இரண்டும் சேர்ந்து மாதம் 3,600 ரூபாய் பி.எஃப்பிலும் பென்ஷனிலுமாகச் சேர்கிறது. வீட்டுக்கடனில் ஆரம்பத்தில் கழியும் அசலைவிட இது அதிகம். இதை எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் கொஞ்சம் யோசித்தார்.

மீஞ்சூருக்குப் போனால் இந்த வேலை நிலைக்காது. கடை மூட இரவு 9 ஆகும். கொருக்குப்பேட்டைக்கு வந்து கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து வீடு போய்ச் சேர 10:30 தாண்டிவிடும். அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவது? 50 பேராவது வேலை பார்க்கும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். எங்கள் கடையில் அவ்வளவு பேர் கிடையாது. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கலாம் என்றார் நாத்தனார். தைக்கலாம்தான், பி.எஃப். வராதே. எனக்கு உறுத்தியது இன்னொன்று: கடனுக்கு வங்கியில் இருவர் சம்பளச் சீட்டையும் கேட்டார்கள். என் சம்பளத்தைக் காட்டி வாங்கும் வீடே என் சம்பளத்தை நிறுத்திவிடும்.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் வருமான வித்தியாசத்தில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விழுகிறது என்று காட்டியவர். அந்த இடத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன்.

தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. "நான் இருக்கேன்ல, நீ வேலைக்குப் போ" என்று அம்மா சொன்னதும் பிள்ளையைப் பார்க்கும் செலவுக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டேன். அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் தெருத்தெருவாக விற்பவர். திரும்ப 11 மணி ஆகும். நான் 10 மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். அதனால் என் விடுமுறை நாளான புதன்கிழமை தவிர மற்ற நாள் வியாபாரத்தை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விற்பனைகூடப் போச்சு. அந்த நஷ்டம் என் கணக்கில்தானே வர வேண்டும்?

அம்மாவுக்கு மாதம் 4,000 என்று எழுதினேன். வாடகையோடு 13,000 ஆகிறது. மீஞ்சூர் என்றால் தவணையும் நான் இழக்கும் சம்பளமும் சேர்ந்து 30,443. அம்மா பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு மாறிவிடும், அவர்கள் மீஞ்சூரைத் தள்ள வேண்டாம்.

சரி, இப்போதைக்குத் தண்டையார்பேட்டை. பையன் பள்ளிக்கூடம் போகும்போது மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் மாதப் பணத்தை நீட்டியபோது அம்மா வாங்கவில்லை. "பேரனைப் பாத்துக்கக் கூலியா?" என்றார். "கூலி இல்லம்மா, நீ விட்ட வியாபாரத்துக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பையனை இடுப்பு மாற்றிக்கொண்டு, சுருக்குப் பையைத் திறந்தார்.