பர்ஸ்பெக்டிவ் வரைய பிக்மா மைக்ரான்: முழு செட் வேண்டாம், மூன்று போதும்

கட்டப்போகும் வீட்டை பர்ஸ்பெக்டிவில், அதாவது கண்ணுக்குத் தெரிவதுபோல ஆழத்தோடு, கையால் வரைந்து காட்டுபவர்களுக்கு சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனா இன்னும் நல்ல தேர்வுதான். நிறமி மை, காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் கலையாது. மை நிரப்பும் ரோட்ரிங் டெக்னிக்கல் பேனா மாதிரி செங்குத்தாகப் பிடிக்க வேண்டாம், வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டுக் கழுவி அழ வேண்டாம்.

ஆனால் செட்டாக வாங்குவது வீண். பேனாவின் எண் கோட்டின் தடிமனைக் குறிக்கும்: 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25. அந்த 0.05-ஐ வரைபவர் கண்டுபிடிக்கலாம், வீட்டுக்காரர் கண்டுபிடிக்க மாட்டார். ஏ3 தாளை ஏ4-க்குச் சுருக்கினால் 005 கோடு 0.14 ஆகிவிடும், வாட்ஸ்அப்பில் போகும்போது செங்கல் வேலை முழுக்க சாம்பல் புகைதான். 01, 03, 08 வாங்குங்கள். வானத்தோடு முட்டும் வெளிக்கோடும் தரைக்கோடும் 08 (0.50 மி.மீ.). சுவர் மூலை, சன்ஷேடு விளிம்பு, படிக்கட்டு எல்லாம் 03. கிரில், ஜன்னல் சட்டம், மரம், ஆட்கள் 01. எல்லா மூலைக்கும் 08 போட்டால் வீடு அட்டைப்பெட்டியாகத்தான் நிற்கும்.

சிக்கல் ட்ரேசிங் ஷீட்டில். 90 ஜிஎஸ்எம் ஷீட்டில் மை ஊறாது, மேலேயே நிற்கும். செட் ஸ்கொயரை நகர்த்தியதும் கோடு இழுபடும். ஸ்கேலின் சரிவுப் பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடித்தால் விளிம்பு தாளைத் தொடாது. சரிவு இல்லாத ஸ்கேல் என்றால் அடியில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடும், அதனால் கைக்கடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள். இதே ஷீட்டில் ஒரு வசதியும் உண்டு: தப்பான கோட்டை நன்றாகக் காயவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்காமல் மேலே கோடு போட்டால் மை பரவும்.

பென்சில் கோட்டின் மேலேயே மை போடாதீர்கள். பிறகு ரப்பர் போடும்போது கறுப்பும் சேர்ந்து வெளுக்கும். 2எச் பென்சிலில் கட்டுமானக் கோடுகளைத் தனித்தாளில் போட்டு, அதன்மேல் ட்ரேசிங்கை ஒட்டி வரைவதுதான் சரி. அந்த அடித்தாளுக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. படம் 360 மி.மீ. அகலம், பார்வைக் கோணம் 45 டிகிரி என்றால் ஸ்டேஷன் பாயின்ட் (பார்ப்பவரின் கண் நிற்கும் இடம்) படத்திலிருந்து சுமார் 435 மி.மீ. தள்ளி வரும். கட்டடத்தின் இரு பக்கமும் படத்தளத்துக்கு 30, 60 டிகிரியில் திரும்பியிருந்தால் ஒரு வேனிஷிங் பாயின்ட் (இணைகோடுகள் போய்ச் சேரும் புள்ளி) நடுவிலிருந்து 250 மி.மீ.யிலும், மற்றது 750 மி.மீ.யிலும் விழும். ஏ2 பலகையில் இது அடங்காது. அடக்குகிறேன் என்று இரண்டையும் உள்ளே இழுத்தால் முன்மூலை கத்தி மாதிரி கூராக நீட்டிக்கொண்டு வரும். மூன்று மாடிக் கட்டடத்தில் மேல் பாரப்பெட் தலைமேல் விழுவதுபோல் இருக்கும். பேனாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆல்கஹால் மார்க்கரில் வண்ணம் போடுவதானால் ட்ரேசிங் ஷீட்டின் பின்பக்கம் போடுங்கள். கோடு கலங்காது, வண்ணமும் அடக்கமாகத் தெரியும். வாட்டர்கலருக்கு ட்ரேசிங் ஆகாது, சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதன் சொரசொரப்பு 005 முனையைத் தின்றுவிடும்.

முனை பிளாஸ்டிக்தான். பால்பாயின்ட் மாதிரி அழுத்தி எழுதும் கை என்றால் முனை உள்ளே போய், வெளியிலுள்ள உலோகக் குழாய் தாளைக் கீற ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு நேர்கோட்டுக்கு அது உதவாது. மை காய்ந்துகொண்டு வரும் 03-ஐ மட்டும் தூக்கிப் போடாதீர்கள்: தூரத்து மர இலைக்கு அதன் திட்டுத்திட்டான கோடு புதுப் பேனாவில் வராது.