மேட்ரிஜெல்: ஐஸ் பெட்டியோடு இரண்டு வருடம்

புற்றுநோய்ச் செல் பக்கத்துத் திசுவை எப்படித் துளைத்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மேட்ரிஜெல் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது. எலிக்கட்டி ஒன்றிலிருந்து எடுக்கும் புரத ஜெல் இது. லேமினின், நான்காம் வகைக் கொலாஜன் போன்ற புரதங்கள் எல்லாம் உண்டு. உடலில் செல் அடுக்குகளுக்கு அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வுக்கு ஏறக்குறைய மாற்று.

குளிரில் ஓடும், சூடு பட்டால் இறுகிவிடும். முதல் தடவை பிப்பெட் முனையைக் குளிரவைக்க மறந்தேன். பாதி உறிஞ்சும்போதே உள்ளே கட்டிதட்டிவிட்டது. தப்பு என்னுடையதுதான். இப்போது முந்தின இரவே ஜெல் புட்டியை ஃபிரிட்ஜில் ஐஸுக்குள் புதைத்துவிடுகிறேன், முனைகள் ஃப்ரீசரில்.

8 மைக்ரான் துளைகளுள்ள செயற்கைச் சவ்வில் மெல்லிசாகப் பூசி, மேலே எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்களை விடுவேன். மறுநாள் அடிப்பக்கத்தில் சாயம் ஏற்றினால் துளைத்து வந்த செல்கள் ஊதாப் புள்ளிகளாக அப்பிக் கிடக்கும். அவ்வளவாக ஊடுருவாத இன்னொரு மார்பகப் புற்றுச் செல்லான எம்சிஎஃப்-7 என்றால் ஏதோ ஒன்றிரண்டு. கீழே ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) வளர்த்தால் கூட்டம் இன்னும் ஏறும். கூடவே இருந்து கதவைத் திறந்துவிடும் பங்காளி மாதிரி. பூசிய ஜெல்லை அரிக்கும் எம்எம்பி நொதிகளை மருந்தால் தடுத்தால் வரத்து குறையும்.

குறை? விலை கையைக் கடிக்கும். லாட்டுக்கு லாட்டு, அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும், குணம் மாறும், அதனால் ஒரு ஆய்வை ஒரே லாட்டில் முடித்துவிடுங்கள். அப்புறம், இது ரொம்ப மிருது. நிஜக் கட்டியைச் சுற்றி முதல் வகைக் கொலாஜன் இறுகிக் கிடக்கும்; அந்த விறைப்பைப் பார்க்க வேண்டுமானால் அடர்த்தியான கொலாஜன் ஜெல்லுக்குப் போங்கள். போன மாதம் ஒரு விற்பனையாளர் அனுப்பிய பெட்டியில் உலர் பனி முழுக்க ஆவியாகிப் போயிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், மாற்றுக்குக் காத்திருக்கிறேன்.